நேற்றை எடைக்குப் போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமை உள்ளவர்கள் முழுதும் படியுங்கள். இல்லாதவர்கள் கடைசிப் பத்திகளை மட்டுமாவது படித்துவிடுங்கள், உங்களிடம் ஒரு உதவி கேட்டிருக்கிறேன்.

போன வாரம் பக்கத்து ஊரில் ஒரு பள்ளி விழா. ஓய்வு பெற்ற ஆசிரியர் என்ற முறையில் என்னையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வெளியூரில் பெரிய வேலையில் இருக்கும் தம்பி. நன்றாகப் பேசினார். பேச்சின் நடுவில் ஒன்று சொன்னார்: "இனிமே பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்த்து நோட்டுல எழுத வேண்டிய அவசியமே இல்லை. சிலி நாட்டுல ரூபின் தொலைநோக்கி வந்தாச்சு. அது எல்லாத்தையும் படம் பிடிச்சிடும். ஏஐ கண்டுபிடிச்சிடும். பழைய குப்பையை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசாப் படிங்க." எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

மேடையில் ஏறிச் சண்டை போடும் வயதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தத் தம்பி மேல் எனக்குத் தனிப்பட்ட வருத்தம் எதுவும் இல்லை. அவர் சொன்ன அந்த "பழைய குப்பை" என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

ரூபின் தொலைநோக்கி பெரிய சாதனைதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. 8.4 மீட்டர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கேமரா. 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டார்கள். சில இரவுகளுக்கு ஒருமுறை தென்வானம் முழுவதையும் திரும்பத் திரும்பப் படம் எடுப்பது, அதைப் பத்து ஆண்டுகள் செய்வது என்பது திட்டம். நான் கேட்பது ஒரே கேள்வி. அவ்வளவு செலவு செய்து கட்டியவர்கள் ஒரு தடவை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகாமல், ஏன் ஒரே வானத்தைப் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள்?

இதற்குப் பதில் தெரிய, குவாசார் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

வானத்தில் எங்கோ தூரத்தில் ஒரு விண்மீன் மண்டலம். அதன் நடுவில் சூரியனைப் போலப் பல கோடி மடங்கு நிறையுள்ள ஒரு கருந்துளை. அதைச் சுற்றி வாயு சுழன்றுகொண்டே உள்ளே விழுகிறது. விழும் வேகத்தில் உரசிச் சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளி, அது இருக்கும் மண்டலத்தின் அத்தனை நட்சத்திரங்களின் ஒளியையும் மங்கவைத்துவிடும். ஆனால் தூரம் அதிகம் என்பதால் நமக்கு அது ஒரு புள்ளியாகத்தான் தெரியும். ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எது நட்சத்திரம், எது குவாசார் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இரண்டும் புள்ளிதான்.

அப்படியானால் எப்படிப் பிரித்தெடுப்பது? ஒரு வழி நிறம். குவாசார்கள் பெரும்பாலும் சாதாரண நட்சத்திரங்களைவிட நீல, புறஊதாப் பக்கம் அதிகமாக ஒளிரும். அதை வைத்துப் பிடிக்கலாம். ஆனால் தூரம் போகப் போக ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்கிறது. சிவப்புப் பெயர்ச்சி 2.7 என்ற அளவை ஒட்டி, அதாவது ஒளி புறப்பட்டுச் சுமார் 1,100 கோடி ஆண்டுகள் ஆன இடத்தில், குவாசாரின் நிறம் நம் பக்கத்து நட்சத்திரங்களின் நிறத்தோடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகிறது. அங்கே நிறம் கைவிட்டுவிடும்.

அங்கே கைகொடுப்பது ஒளி மாறும் விதம். பெரும்பாலான நட்சத்திரங்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே அளவாக ஒளிர்கின்றன. மாறும் நட்சத்திரங்களிலும் பலவகை கோயில் மணி அடிப்பது போல முறை வைத்து மாறும். அரை நாளுக்கு ஒருமுறை கூடிக் குறைவது உண்டு, சில நாட்களுக்கு ஒருமுறை கூடிக் குறைவது உண்டு. குவாசாருக்கு அப்படி முறை கிடையாது. கருந்துளையில் விழும் தீனி சீராக வராததால் ஒளியும் தாறுமாறாக ஏறி இறங்கும். ஆனால் அந்தத் தாறுமாறிலும் ஒரு அடையாளம் உண்டு. தங்கம் விலையை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கொஞ்சம். போன மாதத்துக்கும் இன்றைக்கும் கொஞ்சம் கூடுதல். ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்துப் பார்த்தால் தலை சுற்றும். குவாசாரின் ஒளியும் அப்படித்தான். இடைவெளி கூடக் கூட வித்தியாசமும் கூடும். ஒரு வருடத்தில் பத்து, இருபது சதவீதம் என்பது சாதாரணம். தங்கம் போல ஏறிக்கொண்டே போகாது, ஒரு சராசரியைச் சுற்றியே அலையும். அவ்வளவுதான் வேறுபாடு. இந்த அலைச்சலை வைத்து, நட்சத்திரக் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் குவாசாரை "நீ வா வெளியே" என்று கூப்பிட்டுவிடலாம். பிறகு நிறமாலை எடுத்து, தூரத்தை உறுதி செய்வார்கள்.

கவனியுங்கள். ஒரு படத்தில் இந்த அடையாளம் கிடையாது. இரண்டு படத்திலும் போதாது. ஆண்டுக்கணக்கில், தேதி போட்டு, அளவு போட்டு எழுதி வைத்த கணக்கில் மட்டும்தான் அது தெரியும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். இந்த மாற்றம் குவாசாரைக் காட்டிக்கொடுப்பதோடு அதன் அளவையும் சொல்லிவிடும். நம்ம ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். தலைமதகைத் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர நாளாகும். திறந்த ஒரு மணி நேரத்தில் எல்லா வயலிலும் தண்ணீர் ஏறிவிட்டது என்று ஒருவன் சொன்னால், அந்த வாய்க்கால் ரொம்பச் சின்னது என்று நாம் போய்ப் பார்க்காமலே சொல்லிவிடுவோம். ஒளிக்கும் வேகம் உண்டு. ஒரு மாதத்துக்குள் ஒரு பொருளின் ஒளி மொத்தமாகக் கூடிக் குறைகிறது என்றால், அந்தப் பொருள் ஒளி ஒரு மாதத்தில் கடக்கும் தூரத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. நம் பால்வெளி மண்டலத்தைக் கடக்க ஒளிக்கு ஒரு லட்சம் ஆண்டு வேண்டும். ஒரு மண்டலத்தை மங்கவைக்கும் வெளிச்சம் இவ்வளவு சின்ன இடத்திலிருந்தா வருகிறது என்று விஞ்ஞானிகள் திகைத்த திகைப்புதான் அவர்களைக் கருந்துளை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

சரி, இனி "பழைய குப்பை" கதைக்கு வருவோம்.

1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்பவர் 3சி 273 என்ற புள்ளியின் நிறமாலையைப் பார்த்து, அது நம் மண்டலத்து நட்சத்திரம் அல்ல, ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆன தூரத்தில் இருப்பது என்று கண்டுபிடித்தார். கன்னி ராசிப் பக்கம் இருக்கிறது அது. உலகமே அசந்துபோனது. உடனே அடுத்த கேள்வி: இதன் ஒளி மாறுகிறதா? புதிதாகப் பார்க்க ஆரம்பித்தால் விடை தெரியப் பத்து வருடம் ஆகும். ஆனால் அதே 1963இலேயே ஹார்லன் ஸ்மித், டோரிட் ஹாஃப்லைட் என்ற இருவர் விடை சொல்லிவிட்டார்கள். எப்படி? ஹார்வர்டு வானியல் நிலையத்தில் 1880கள் முதல் எடுத்து அடுக்கி வைத்திருந்த கண்ணாடித் தகடுகள் இருந்தன. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம். அவற்றைப் புரட்டினார்கள். 3சி 273 அந்தத் தகடுகளில் எண்பது வருடமாக உட்கார்ந்திருந்தது. யாருக்கும் அது யாரென்று தெரியாது. கூடிக் குறைந்துகொண்டே இருந்திருக்கிறது.

அந்தத் தகடுகளை எடுத்தவர்களுக்குக் குவாசார் என்ற சொல்லே தெரியாது. அந்தச் சொல்லே 1964இல்தான் பிறந்தது. மணிக்கு இருபத்தைந்து சென்ட் கூலிக்கு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து அந்தத் தகடுகளில் புள்ளிகளை அளந்த பெண்களுக்கும் தெரியாது. எதற்கு உதவும் என்று தெரியாமலே ஒழுங்காக எடுத்தார்கள், ஒழுங்காக வைத்தார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் அதே ஹார்வர்டில் உண்டு. 1950களில் அங்கே இயக்குநராக இருந்த டொனால்ட் மென்சல், செலவு மிச்சம் பிடிக்க, தகடு எடுக்கும் வேலையை நிறுத்தினார். 1960களின் பிற்பகுதியில்தான் மறுபடி தொடங்கியது. இடையில் அந்தத் தொடர் அறுந்துபோனது. குவாசாரே கண்டுபிடிக்கப்பட்ட ஆண்டு அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். இன்றைக்கும் வானியலாளர்கள் அதற்கு அவர் பெயரையே வைத்து "மென்சல் இடைவெளி" என்கிறார்கள். மென்சல் சாதாரண ஆள் இல்லை, பெரிய சூரிய ஆய்வாளர். பெரிய ஆள் செய்தாலும் தவறு தவறுதான். ரூபின் போல ஆயிரம் தொலைநோக்கி கட்டினாலும் 1958ஆம் வருடத்து வானத்தைப் படம் எடுக்க முடியாது. பணம் இருந்தால் நாளைக்கு எதையும் வாங்கலாம். நேற்றை எந்தக் கடையில் வாங்குவீர்கள்?

"அது அமெரிக்கா, நமக்கு ஏது சார்" என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்காகவே இந்தப் பகுதி.

நட்சத்திர ஒளியை அளக்க இன்று உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோலை 1856இல் கணக்காக வகுத்தவர் நார்மன் போக்சன். ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு. ஒரு படிக்கு 2.512 மடங்கு. குவாசாரின் ஏற்ற இறக்கத்தை இன்றைக்கு எழுதும்போதும் அந்தக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். அந்தப் போக்சன் 1861இல் சென்னைக்கு வந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792இலிருந்து இயங்கிய வானியல் நிலையத்தில் சாகும்வரை வேலை பார்த்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் நம்மவர், சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் தென்வானத்தில் ஒரு மாறொளி நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று அதற்குப் பெயர். 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டார். நம் மண்ணில் உட்கார்ந்து, ஒரு புள்ளியின் ஒளி மாறுகிறது என்று எழுதி வைத்துப் பெயர் வாங்கிய மனிதர். அவர் பெயர் தெரிந்த பிள்ளைகள் நம் பள்ளிகளில் எத்தனை பேர்?

கொடைக்கானலில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தினம் தினம் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். மழை, மேகம் போக மீதி எல்லா நாளும். அந்தப் படங்களை இப்போது கணினியில் ஏற்றி உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள். ஜவ்வாது மலைக் காவலூரில் வைணு பாப்பு பெயரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதே காவலூரிலிருந்து 1988இல் ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர். நம் கும்பகோணத்து ராமானுஜன்தான். நைனிடாலில் 104 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, 1990களிலிருந்து கோபால் கிருஷ்ணா, ராம் சாகர் போன்றோர் குவாசார்களை இரவு முழுக்க விடாமல் பார்த்து, ஒரே இரவுக்குள் ஏற்படும் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு மாற்றத்தைக்கூட அளந்தார்கள். பெரிய தொலைநோக்கி உள்ளவர்களுக்கு ஒரே பொருளின் மேல் இரவு முழுக்கக் கண் வைத்திருக்க நேரம் கிடைப்பது அரிது. நம்மவர்களுக்குச் சின்னக் கருவி இருந்தது, பொறுமை இருந்தது.

இதெல்லாம் சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் என்றால், ராதா கோபிந்த சந்திரா என்பவரைச் சொல்கிறேன். வங்காளத்தில் ஜெசோர் ஊர். அரசுக் கருவூலத்தில் காசு எண்ணும் சாதாரண வேலை. பள்ளி இறுதித் தேர்வில் மூன்று முறை தோற்றவர். சொந்தக் காசில் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். இரவில் மாறொளி நட்சத்திரங்களைப் பார்த்து எழுதி, 1911இல் அமெரிக்காவில் தொடங்கிய மாறொளி நட்சத்திர நோக்கர்கள் சங்கத்துக்கு அனுப்பினார். ஒன்றிரண்டு இல்லை, வாழ்நாளில் 37,000க்கும் மேல். அந்தச் சங்கம் மனம் நெகிழ்ந்து 1926இல் ஓர் ஆறு அங்குலத் தொலைநோக்கியை அவருக்கு அனுப்பி வைத்தது. அவருக்குப் பிறகு அது வைணு பாப்புவிடம் போய், கடைசியில் காவலூருக்கு வந்து சேர்ந்தது. மூன்று முறை தேர்வில் தோற்ற மனிதரின் கருவி நம் தமிழ்நாட்டு மலைக்கு வந்தது.

ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வேண்டும் என்று வாதாடும் நண்பர்கள் சந்திராவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு எடுத்த ஒரு படத்தை வைத்து எந்தப் பிள்ளையும் எது என்று சொல்ல முடியாது. முப்பத்தைந்து வருடம் சாக்பீஸ் பிடித்த கை எழுதுகிறது, நம்புங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சல்.

நான் இடைநிலை ஆசிரியர். ஆசிரியர் பயிற்சி முடித்தவன், அவ்வளவுதான் படிப்பு. இயற்பியல் பட்டம் எல்லாம் கிடையாது. 1996இல் திருப்பனந்தாளைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒன்றில் வேலை பார்த்தபோது, மார்கழியில் பிள்ளைகளிடம் கேட்டேன்: "திருவாதிரைக் களி தின்கிறீர்களே, திருவாதிரை எங்கே இருக்கிறது காட்டுங்கள்." ஒருவருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ஆறேழு பேரைக் களத்துமேட்டுக்கு வரச்சொல்லிக் காட்டினேன். வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக இருப்பது திருவாதிரை. கொஞ்சம் மேற்கே அதே போலச் சிவந்திருப்பது ரோகிணி. "இரண்டில் எது வெளிச்சம்?" என்றேன். அதிலிருந்து தொடங்கியது. ஒரு பைண்டு நோட்டு போட்டோம். தேதி, நேரம், மேகம் உண்டா, திருவாதிரை ரோகிணிக்கு மேலா, சமமா, கீழா. எழுதியவர் பெயர். அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை மூடிவிடும். தை, மாசி, பங்குனியில் நிறையச் சேரும். ஒரு கூட்டம் எட்டாம் வகுப்பு முடித்துப் போகும், அடுத்த கூட்டம் வரும். 2017இல் நான் ஓய்வு பெறும்போது இருபத்தொரு நோட்டு. அதே நோட்டுகளின் பின்பக்கத்தில் தினசரி மழை அளவும், மேட்டூர் திறந்து எத்தனையாம் நாள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது என்பதும் இருந்தது. ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு, மேலே எழுதி ஒட்டி, பள்ளியில் ஒப்படைத்துவிட்டு வந்தேன். பள்ளிச் சொத்து பள்ளியில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தவன் நான். வீட்டுக்குக் கொண்டு வந்திருக்க வேண்டும்.

2019 டிசம்பர் கடைசியில் ஒரு நாள் இரவு மாடியில் நின்று பார்க்கிறேன். திருவாதிரை ரோகிணிக்குக் கீழே போய்விட்டது! கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கீழேதான். நான்கைந்து நாளில் பேப்பரிலும் வந்துவிட்டது, உலகமே அதைப் பேசியது. 2020 பிப்ரவரியில் அது இன்னும் மங்கி, வேட்டைக்காரனின் அடுத்த தோளில் உள்ள நட்சத்திரத்தின் அளவுக்கு இறங்கியது. வெடிக்கப் போகிறது என்றார்கள் சிலர். பிறகு ஆராய்ந்து, அது கக்கிய வாயு தூசியாகி மறைத்ததும், மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்ததும் காரணம் என்று சொன்னார்கள். "இப்படி இதற்கு முன்னால் மங்கியிருக்கிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொன்னது எது தெரியுமா? நூறு வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கச் சாதாரண ஆட்கள் வெறுங்கண்ணால் பார்த்து எழுதி அனுப்பிய கணக்கு.

எனக்கு உடனே டிரங்குப் பெட்டி ஞாபகம். மறுநாள் காலையிலேயே பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியர் என்னைவிட இருபது வயது இளையவர். மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"ஐயா... அது எடைக்குப் போயிடுச்சிங்க. ஆய்வுக்கு வர்றாங்கன்னு ரூமெல்லாம் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. பழைய பேப்பரோட சேர்த்துப் போட்டாச்சு. பெட்டி மட்டும் இருக்கு, சத்துணவு அரிசி வச்சிருக்கோம்."

"எவ்வளவுக்குப் போட்டீங்க?"

"கிலோ ஒன்பது ரூபாய்ங்க ஐயா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவருக்கு மேலே இருந்து உத்தரவு, கீழே இடமில்லை, பக்கத்தில் கறையான். எழுந்து வரும்போது அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னார்: "அதெல்லாம் இப்ப நெட்ல இருக்குமே ஐயா." எங்கள் பிள்ளைகள் எழுதிய நோட்டு நெட்டில் எப்படி இருக்கும்? யாராவது ஏற்றினால்தானே இருக்கும்?

நான் நியாயமாகவே பேச விரும்புகிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. பள்ளியில் உள்ள பதிவேடுகளில் பாதிக்கு மேல் யாருக்கும் உதவாதவை. எங்கள் நோட்டில் பிழைகளும் இருந்தன. சில பையன்கள் பார்க்காமலே எழுதினார்கள், எனக்கே தெரியும். அந்த நோட்டு இருந்திருந்தால் திருவாதிரையின் ரகசியம் வெளியாகியிருக்கும் என்றெல்லாம் நான் பீற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எறியும் முன் ஒரு நிமிடம் பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒரு போன் போட்டு, "ஐயா, இது வேணுமா?" என்று கேட்டிருக்கலாம். கையில் கேமரா இல்லாத ஆள் இன்று யாராவது உண்டா? ஒரு நோட்டைப் படம் எடுக்க அரை மணி நேரம். இடமில்லை என்ற காரணம் இனிமேல் செல்லாது.

நம் பகுதிக்கு இது புதிய பாவமும் இல்லை. ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் என்று நம்பிய ஊர் இது. எத்தனை நூல் காவிரியோடு போனதோ? கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே.சா. வீடு வீடாக, மடம் மடமாகப் போய்க் கெஞ்சி வாங்கியதால் மிஞ்சியதுதான் இன்று நாம் மேடையில் பெருமை பேசும் சங்க இலக்கியம். அன்று ஆற்றில் விட்டவர்களும் கெட்டவர்கள் இல்லை. "பழசு, இனி உதவாது" என்று நினைத்தவர்கள்தான். இன்று கிலோ ஒன்பது ரூபாய் கிடைக்கிறது, அவ்வளவுதான் முன்னேற்றம்.

இப்போது ரூபினுக்கு மறுபடி வருகிறேன். அந்தத் தம்பி சொன்னது போல ஏஐ குவாசாரைத் தேடும், தேடட்டும். எதை வைத்துத் தேடும்? பல வருடக் கணக்கை வைத்துத்தான் தேடும். கணக்கு இல்லாத இடத்தில் எந்த மூளையும் ஒன்றும் செய்ய முடியாது. அதிலும் தூரத்துக் குவாசாருக்கு இன்னும் அதிக காலம் வேண்டும். பிரபஞ்சம் விரிவதால், அங்கே நடப்பது நமக்கு மெதுவாகத் தெரியும். சிவப்புப் பெயர்ச்சி 4 என்றால் ஐந்து மடங்கு மெதுவாக. அங்கே ஒரு வருடத்தில் நடப்பதைப் பார்க்க இங்கே ஐந்து வருடம் உட்கார வேண்டும். 2023இல் ஜெரயிண்ட் லூயிஸ், பிரெண்டன் புரூவர் என்ற இருவர் 190 குவாசார்களின் ஏற்ற இறக்கத்தை வைத்து இதை நிரூபித்தார்கள். அதற்கு அவர்கள் பயன்படுத்தியது ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த அளவுகள். ஆக, பார்க்கும் பொருள் எவ்வளவு தூரமோ அவ்வளவு பழைய நோட்டு வேண்டும். புதிய கருவி வந்ததும் பழைய கணக்கு குப்பையாவதில்லை. அப்போதுதான் அதற்கு விலை கூடுகிறது.

ஹார்வர்டுக்காரர்கள் அந்தக் கண்ணாடித் தகடுகளை என்ன செய்தார்கள் தெரியுமா? நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் செய்து, உலகம் முழுக்க இலவசமாகத் திறந்துவிட்டார்கள். உலகின் பணக்காரப் பல்கலைக்கழகம் தன் "பழைய குப்பையை" அப்படி வைத்திருக்கிறது. நாம்தான் எடைக்குப் போடுகிறோம்.

என் கோரிக்கைகள்.

பணியில் இருக்கும் ஆசிரியர் நண்பர்களே, பிள்ளைகள் பார்த்து எழுதிய எந்த நோட்டையும், அது மழையோ வெயிலோ நட்சத்திரமோ குறுவை அறுத்த தேதியோ, படம் எடுக்காமல் வெளியே அனுப்பாதீர்கள். அறை சுத்தம் செய்ய உத்தரவு போடும் அதிகாரிகள் அந்த உத்தரவிலேயே இதையும் ஒரு வரி சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது.

பெற்றோர்களே, வாரத்தில் ஒரு இரவு, பத்து நிமிடம், பிள்ளையை மாடிக்கு அழைத்துப் போங்கள். தெருவிளக்கு படாத மூலையாகப் பாருங்கள். திருவாதிரையா ரோகிணியா, எது வெளிச்சம் என்று கேட்டு எழுதவையுங்கள். குவாசாரை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. 3சி 273ஐப் பார்க்கவே நல்ல தொலைநோக்கி வேண்டும். ஆனால் குவாசாரைப் பிடிக்கும் பழக்கத்தை வெறுங்கண்ணால் பழகலாம்.

கடைசியாக, என் பழைய மாணவர்களே. இன்று நீங்கள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறீர்கள். பைண்டு நோட்டில் ஏற்றும் முன் உங்களில் பலர் வீட்டில் ரஃப் நோட்டில் எழுதி வருவீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லி, பரணில், பழைய பையில் தேடச் சொல்லுங்கள். "தி - ரோ" என்று இரண்டு எழுத்து போட்டுப் பக்கத்தில் மேல், சமம், கீழ் என்று எழுதிய ஒரு பக்கம் கிடைத்தாலும் போதும். தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இதுவரை மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். பதினெட்டு இரவுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு புது நோட்டு வாங்கி, அவற்றை அதில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நிறையப் பக்கம் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
திருப்பனந்தாள்.